வீட்டிலேயே கலக்கலாம் பிரட்டல் சாஸ்

காய்கறி, கோழி, டோஃபு எதுவானாலும் பிரட்டலுக்குச் சுவை தருவது சாஸ். கடையில் வாங்கும் சாஸில் உப்பின் அளவை மாற்ற முடியாது. வீட்டில் கலந்தால் முடியும்.

ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. பெரியவர்கள் நாளொன்றுக்கு உட்கொள்ளும் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

நால்வருக்குத் தேவையானவை: சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 6 மேசைக்கரண்டி, சோளமாவு, சர்க்கரை, வினிகர் தலா 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் சிறிதளவு. அனைத்தையும் கட்டியில்லாமல் கரைக்கவும். இதில் ஒருவர் பங்குக்குச் சுமார் 225 மில்லிகிராம் சோடியமே சேரும்.

இஞ்சி, பூண்டு வதக்கி, காய்கள் முக்கால் பதம் வெந்ததும் சாஸை ஊற்றவும். முன்னதாக ஊற்றினால் சூட்டில் கருகிக் கசக்கும். சோளமாவு அடியில் தங்கும் என்பதால் ஊற்றும் முன் மீண்டும் கலக்கவும். கொதித்ததும் சாஸ் கெட்டியாகிக் காய்களில் ஒட்டிக்கொள்ளும்.

காரத்துக்கு 1 தேக்கரண்டி சம்பல் சேர்க்கலாம். சிப்பி சாஸ் விரும்புவோர் சோயா சாஸைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும். இரண்டிலும் உப்பு இருப்பதால் தனியாக உப்பு போடத் தேவையில்லை.