மஆதியின் ஆடிகளும் மஸ்ஜிதே சுலைமானின் எண்ணெயும்

பெற்றோலியத்தில் தங்கியிருக்கும் நிலையிலிருந்து உலகம் மீள்வது பற்றிப் பேசப்படும்போதெல்லாம், சூரியசக்தி நேற்றுத் தோன்றிய கருத்து என்பது போன்ற எண்ணமே நம்மிடையே நிலவுகிறது. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்து, பீப்பா ஒன்றின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கான பின்னரே மாற்றுச் சக்தியைத் தேடும் முயற்சி தொடங்கியதாக எழுதப்படுவதுண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. அத்தடைக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, கெய்ரோவுக்குத் தெற்கில் நைலின் கிழக்குக் கரையிலுள்ள மஆதியில், சூரிய வெப்பத்தால் இயங்கும் நீரிறைக்கும் நிலையமொன்று செயற்பட்டு வந்தது.

அதனை நிறுவியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிராங்க் ஷுமன். கம்பி பதித்த கண்ணாடிக்கான காப்புரிமையால் செல்வம் ஈட்டியவர் அவர். சூரிய இயந்திரத்துக்கான பெரும்பகுதி முதலீட்டை லண்டனில் திரட்டினார். எகிப்து தெரிவு செய்யப்பட்டமைக்கு வெயில் மட்டும் காரணமன்று. அந்நாட்டில் நிலக்கரி இல்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியின் விலையோ மிக அதிகம். பருத்தி வயல்களோ ஆண்டு முழுவதும் நீர் வேண்டி நின்றன. நிறுவுவதற்குச் செலவு அதிகமானாலும் எரிபொருளுக்குச் செலவே இல்லாத இயந்திரம் அத்தகைய நாட்டில் சில ஆண்டுகளில் இலாபம் தரும் என்பது ஷுமனின் கணக்கு.

நிலையத்தின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொன்றும் சுமார் 62 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட ஐந்து நீண்ட ஆடித் தொட்டிகள் வடக்குத் தெற்காக நிறுத்தப்பட்டிருந்தன. காலையில் கிழக்கு நோக்கியிருக்கும் அவை, சூரியன் நகர நகரத் தாமாகவே மேற்கு நோக்கித் திரும்பும். தொட்டியின் குறுக்குவெட்டு பரவளைவு வடிவானது. எனவே அதன்மீது விழும் கதிர்கள் அனைத்தும் குவியக் கோட்டில் நிறுத்தப்பட்ட கொதிகலத்தைச் சென்றடையும். 1912இல் முதலில் பொருத்தப்பட்ட துத்தநாகக் கலங்கள் வெப்பம் தாங்காது நெளிந்தன. வார்ப்பிரும்புக் கலங்கள் மாற்றப்பட்ட பின்னர், 1913இல் அந்நிலையம் சுமார் 55 குதிரைவலுவுடன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 கலன் நீரை இறைத்தது.

அந்தப் பரவளைவு வடிவம் கெய்ரோவுக்குப் புதியதன்று. பஸராவில் பிறந்து, பாத்திமிய ஆட்சியின்போது கெய்ரோவில் வாழ்ந்து, சுமார் 1040இல் அங்கேயே மறைந்த இப்னுல் ஹைஸம், பரவளைவு எரி ஆடிகள் பற்றித் தனியொரு நூல் எழுதியவர். அந்நூல் மத்திய காலத்திலேயே இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. அவருக்கு முன்னரே, 984ஆம் ஆண்டளவில், பக்தாதில் இப்னு ஸஹ்ல் எரி ஆடிகளையும் வில்லைகளையும் ஆராய்ந்திருந்தார். இதனைக் கொண்டு ஷுமனின் நிலையத்தை நமது மூதாதையரின் கணக்கில் வரவு வைக்க நாம் விரும்பவில்லை. அத்தகைய பெருமிதம் மலிவானது. நம் எழுத்துக்களில் அது தேவைக்கு அதிகமாகவே உண்டு. கேத்திரகணிதம் அவர்களிடம் இருந்தது. அதனை நீர்ப்பாசனத்துக்குப் பயன்படுத்தும் இயந்திரம் இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டும் ஒரே நகரின் அருகே சந்தித்தன என்பதே நம் கவனத்துக்குரியது.

எகிப்தை அப்போது உண்மையில் ஆண்டு கொண்டிருந்த பிரித்தானியப் பிரதிநிதி கிச்சனர் பிரபு அந்நிலையத்தைப் பார்த்து மகிழ்ந்து, சூடானில் 30,000 ஏக்கர் பருத்தி நிலத்தை இத்தகைய திட்டத்துக்கு வழங்க முன்வந்தார். ஜேர்மனியப் பாராளுமன்றமும் தனது தென்மேற்கு ஆபிரிக்கக் குடியேற்றத்தில் இதனை நிறுவ நிதி ஒதுக்கியது. சஹாராவில் சுமார் 20,000 சதுர மைல் பரப்பில் ஆடிகளை அமைத்தால் உலகின் அன்றைய எரிபொருள் தேவைக்கு ஈடான சக்தியைப் பெறலாம் என ஷுமன் கனவு கண்டார்.

எனினும், அந்த நீர் யாருக்காக இறைக்கப்பட்டது? எகிப்தியப் பல்லாஹீன்கள் விதைத்த பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்கே பெருமளவில் சென்றது. சூரியன் யாருடைய சொத்துமன்று. ஆனால் ஆடிகள் ஒரு கம்பனியின் சொத்தாக இருந்தன. மஆதியை இழந்த சொர்க்கமாகச் சித்திரிப்போர் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

இதே ஆண்டுகளில் பாரசீக வளைகுடாவின் மறுகரையில் வேறொரு வரலாறு உருவாகிக் கொண்டிருந்தது. 1901இல் ஈரானின் முஸப்பருத்தீன் ஷாஹ், வில்லியம் டார்சிக்கு அறுபது ஆண்டுகளுக்கான எண்ணெய் உரிமையை வழங்கினார். 20,000 பவுண் ரொக்கம், அதே பெறுமதியான பங்குகள், இலாபத்தில் 16 வீதம் ஆகியனவே அதற்கான விலை. 1908 மே 26ஆம் திகதி மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. வேல்ஸில் தரமான நிலக்கரியை வைத்திருந்த பிரித்தானியாவிடம் எண்ணெய் இருக்கவில்லை. அதன் கடற்படையோ நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. 1914 ஜூன் 17ஆம் திகதி, கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் 51 வீதப் பங்குகளை 2.2 மில்லியன் பவுணுக்கு அரசு வாங்கும் மசோதாவைப் பாராளுமன்றத்தில் முன்வைத்தார். பதினொரு நாட்களின் பின் சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது.

போர் மூண்டதும் மஆதியில் பணியாற்றியோர் கலைந்து சென்றனர். ஆடிகள் கழற்றப்பட்டன. 1918இல் ஷுமன் காலமானார். ஜேர்மனி தனது குடியேற்றங்களை இழந்தது. பிரித்தானிய அரசோ எண்ணெய்க் கிணறுகளின் பங்காளியாகப் போரிலிருந்து வெளிவந்தது. ஆகவே மஆதியின் தோல்வியைத் தொழில்நுட்பத்தின் தோல்வியாகக் கொள்ள நம்மால் முடியவில்லை. மலிவான எண்ணெய், அரசின் முதலீட்டாலும் கடற்படையின் காவலாலும் மலிவாக்கப்பட்ட எண்ணெயாகும். அதன் முழு விலை ஈரானியருக்கு 1953இல்தான் புலப்பட்டது. எண்ணெயைத் தேசியமயமாக்கிய முஸத்திக்கின் அரசு, பிரித்தானிய, அமெரிக்க உளவு நிறுவனங்கள் திட்டமிட்ட சதியால் அந்த ஆண்டிலேயே கவிழ்க்கப்பட்டது.

சஹாராவின் வெயிலை ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லும் கனவு 2009இல் டெசர்டெக் என்ற பெயரில் ஜேர்மனியக் கம்பனிகளால் மீண்டும் எழுப்பப்பட்டது. 2014இன் இறுதியில் அதன் கூட்டமைப்பில் மூன்று பங்குதாரர்களே எஞ்சினர். மொரோக்கோ தன் தேவைக்காக 2016இல் வர்ஸாஸாத் நகரருகே திறந்த 160 மெகாவோட் நூர் நிலையம் ஷுமனின் அதே தொட்டி வடிவ ஆடிகளைக் கொண்டது. எகிப்திலும் அவை திரும்பி வந்துள்ளன. மஆதிக்குத் தெற்கே, நைலின் அதே கரையில், 2011இல் குறைமாத் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் 140 மெகாவோட்டில் ஆடிகளின் பங்கு 20. எஞ்சியது இயற்கை வாயுவிலிருந்து வருகிறது.