தட்டிப் பார்த்த படகுகள்

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பலைப் பற்றி எழுதுவோர், அது 1938 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்ததோடு கதையை முடித்துவிடுவது வழக்கம். அத்தகைய மரக்கலத்தில் பழுதைக் கண்டறிவது எப்படி என்பதே என் ஆர்வம். பலகை உளுத்திருந்தால் உளிமுனை உள்ளே இறங்கும். பொருத்து விட்டிருந்தால் நீர் கசியும். கெட்ட பலகையைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக் கலப்பத்து அடித்தால் கலம் மீண்டும் கடலுக்குத் தயாராகிவிடும்.

அதே நியூ இங்கிலாந்துக் கரையில், 21 ஆண்டுகளின் பின்னர், பலகையே இல்லாத பாய்ப்படகு ஒன்று பெருந்தொகையாக உற்பத்தியாகத் தொடங்கியது. றோட் ஐலண்ட் மாநிலத்தின் பிறிஸ்ரல் நகரில் பியர்சன் குடும்பத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் 1959 இல் வெளியிட்ட 'ட்றைரன்' என்ற ஏறத்தாழ 28 அடி நீளப் படகு அது. வடிவமைத்தவர் கார்ல் அல்பேர்க். கண்ணாடியிழையால் படகு கட்டும் முயற்சி அவர்களுடன் ஆரம்பிக்கவில்லை. ஒகையோவில் றே கிறீன் 1942 இலேயே அதைச் செய்திருந்தார். எனினும் நடுத்தர வருவாயுள்ள குடும்பங்களுக்குப் பாய்ப்படகை எட்டச்செய்தது ட்றைரனே எனலாம். எழுநூறுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

உளுக்காது, கடற்புழு அரிக்காது, கலப்பத்து வேண்டாம் என்றே இப்படகுகள் விற்கப்பட்டன. அது பொய்யல்ல. புதிய பொருளின் வலிமையைச் சரிவர மதிப்பிட முடியாத ஆரம்பகாலக் கட்டுநர்கள் தேவைக்கு அதிகமான தடிப்பில் இழைகளைப் படித்தனர். அந்த அறியாமை அப்படகுகளுக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. ஆனால் மரம் வெளியே காட்டிக்கொடுத்த பழுதைக் கண்ணாடியிழை உள்ளே மறைத்து வைத்திருந்தது.

முதலில் வெளிப்பட்டவை கொப்புளங்கள். வெளிப்பூச்சான ஜெல்கோட் முற்றிலும் நீர்புகாதது என்பது தவறான நம்பிக்கை. நீர் மெல்ல ஊடுருவி, றெசினிலுள்ள கரையக்கூடிய பொருட்களுடன் சேர, சவ்வூடு பரவலின் அழுத்தத்தால் மேற்பரப்பு பொங்குகிறது. குத்தினால் வினாகிரி நெடியுடன் திரவம் வடியும். இதன் காரணங்களை றோட் ஐலண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களில் அமெரிக்கக் கரையோரக் காவற்படைக்காக ஆராய்ந்தனர். கொப்புளங்களைத் தேய்த்துத் திறந்து, கழுவி, வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் உலரவிட்டு, எப்பொக்சியால் மூடுவது வழமையான சிகிச்சையாயிற்று.

மோதலால் வரும் சேதம் இதைவிட வஞ்சகமானது. வெளியே ஒரு நட்சத்திர வெடிப்பு மட்டும் தெரியும். உள்ளே இழைப்படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் சிறு சுத்தியலாலோ நாணயத்தாலோ படகைத் தட்டுகிறார்கள். கணீரென்றால் நலம், மந்தமாக ஒலித்தால் பிரிவு. பழைய படையுடன் புதிய றெசின் இரசாயன முறையில் ஒன்றாவதில்லை, வெறுமனே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் பரப்பு அகலமாக வேண்டும் என்பதால் ஓட்டையைச் சுற்றித் தடிப்பின் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்ப்பார்கள். 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீற்றர்.

இவற்றையெல்லாம் நான் நூல்களில் படிக்குமுன்னரே ஒருவர் எனக்குக் காட்டிவிட்டார். 2004 மார்கழி ஆழிப்பேரலையின் பின், செய்தி சேகரிக்கக் கிழக்குக் கரைக்குப் போயிருந்தேன். பைபர் படகுகள் பனைகளிடையே குவிந்து கிடந்தன. பாயில்லாத, இயந்திரம் பூட்டும் மீன்பிடிப் படகுகள்தாம். பொருளும் அதன் குணமும் ஒன்றே. நிவாரணக்காரர்கள் திருத்திக் கொடுத்த ஒரு படகின் வெள்ளைப் பூச்சு புத்தம்புதிதாக மின்னியது. முதிய கடற்றொழிலாளி ஒருவர் இரண்டு ரூபாய் நாணயத்தால் அதன் அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ஒலி மாறிய இடங்களில் கரித்துண்டால் புள்ளி வைத்தார். மூடப்பட்ட வெடிப்பு ஒரு சாண் நீளம்தான். புள்ளிகளை இணைத்தபோது வந்த வளையத்தை என் இரு கைகளாலும் அணைக்க முடியாது.

"பூச்சுத்தான் தம்பி புதுசு. அலையிலை ரெண்டு குத்துக் குத்தினா விரிஞ்சிடும். இதிலை என்ரை பொடியனை அனுப்பமாட்டன்" என்றார்.

வளையம் முழுவதையும் தேய்த்தெடுத்து மீண்டும் இழை படிக்க றெசின் வேண்டும். அப்போது அது கரையில் யாருக்கும் கிடைக்கவில்லை. மாசியில் நான் திரும்பப் போனபோதும் படகு அதே இடத்தில் கவிழ்ந்தபடி கிடந்தது. கரிக்கோடு மட்டும் மழையில் மங்கியிருந்தது.