வானொலியிலிருந்து வாட்ஸ்அப் வரை: ஒரு கணக்கு வாத்தியாரின் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் தம்பி மகள் போன் செய்தாள். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறாள். "பெரியப்பா, எங்க ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு வச்சிருக்காங்க. ஆன் பண்ணா பாட்டு, படம், பாடம் எல்லாம் அதுவே நடத்திடுது. கொஞ்ச நாள்ல நீ எதுக்கும்மான்னு என்னைக் கேட்டுருவாங்க போல" என்று சிரித்தாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போய் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நான் சொன்னது பதிலே இல்லை என்று தோன்றியது. சரியான பதிலை இங்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள்.

பள்ளிக்கூடத்துக்குள் இயந்திரம் வந்தது இப்போது நடந்த விஷயமல்ல. நான் 1970களில் நடுநிலைப் பள்ளியில் படித்தபோது பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் எல்லாமே திருச்சி மாவட்டத்துத் தாலுக்காக்கள். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. வானொலியில் பள்ளிகளுக்கென்றே தனி ஒலிபரப்பு உண்டு. எங்கள் தலைமை ஆசிரியர் ஊராட்சி மன்ற ரேடியோவைத் தூக்கி வந்து மேசைமேல் வைப்பார். பாதி நேரம் கரகரவென்றுதான் கேட்கும். ஆனால் அதைத் திருகுவதற்கு முன்னால் கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதிவிடுவார். நிகழ்ச்சி முடிந்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். ரேடியோதான் எங்களுக்குப் பாடம் நடத்தியது என்று பல வருடம் நினைத்திருந்தேன். நானே வாத்தியாரான பிறகுதான் அந்த மூன்று கேள்விகளின் மதிப்பு தெரிந்தது.

இதற்கும் முன்னால் அமெரிக்காவில் ஒரு சம்பவம். 1937 செப்டம்பரில் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியதால் பள்ளிகளைத் திறக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வானொலியில் பாடம் நடத்தினார்கள். எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்கு என்ற அட்டவணையும் பயிற்சிக் கேள்விகளும் செய்தித்தாளில் வந்தன. சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் பாடம் வேகமாகப் போகிறது, சரியாகக் கேட்கவில்லை, வீட்டில் ரேடியோ இல்லை என்ற புகார்கள் வந்தன. 2020இல் நம் ஊரில் நாம் கேட்ட புகார்களும் இவைதானே!

ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி செய்தார்கள். அங்கே ஒரு மாட்டுப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். அந்தப் பிள்ளைகளுக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் 1951இல் 'வானலைப் பள்ளி' தொடங்கினார்கள். இருபக்கமும் பேசக்கூடிய ரேடியோ என்பதால் பிள்ளையும் பதில் சொல்லலாம். அதோடு விடவில்லை. ஆசிரியர்கள் வண்டி கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். எப்போதாவது எல்லாப் பிள்ளைகளையும் ஊருக்கு வரவழைத்து ஒன்றாக உட்கார வைப்பார்கள். நேரடி வகுப்பையும் தொலைவழிப் பாடத்தையும் கலப்பது என்று இன்று பேசுகிறோமே, அதை அவர்கள் அப்போதே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 1988இல் நான் வேலைக்குச் சேர்ந்த ஊர் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் மறுபடி சேர்ந்தது, 2007 நவம்பர் 23இல் மீண்டும் பிரிந்தது. பள்ளி இடம் மாறவில்லை, முகவரி மட்டும் நான்கு முறை மாறியது. பிறகு நான் பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்குத் தெற்கே ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்தேன். 2011 கணக்கெடுப்பில் 5,65,223 பேருடன் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர்தான். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகளுக்கு நடுவே சிறு சிறு ஊர்கள். பாதிப் பிள்ளைகள் காட்டுக் கொட்டகையிலிருந்து வருவார்கள்.

அந்த ஊர்களுக்கும் சாதனங்கள் வந்தன. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. உங்களில் பலர் அதை வாங்கினீர்கள், அதில் என்ன பார்த்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்! 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது. 2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆக, கொரோனா வந்தபோது நம் கையில் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது.

நான் 2020 மே 31இல் ஓய்வு பெற வேண்டியவன். மே 7ஆம் தேதி ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் அதுவே 60 ஆனது. சரியாகக் கொரோனாவின் இரண்டு வருடங்கள் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தன. "ஸ்கூலே இல்ல, இவருக்கு எக்ஸ்டென்ஷன்" என்று என் சம்சாரம் கிண்டல் செய்தாள்.

என் பத்தாம் வகுப்பில் 41 பேர். ஜூலையில் பாடப் புத்தகம் கொடுக்கும்போது எண்களை வாங்கி வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். 33 பேர் சேர்ந்தார்கள். எட்டுப் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் இன்ன நேரத்தில் இன்ன பாடம் என்று காலையில் குழுவில் போடுவேன். பிறகு வீட்டுச் சுவரில் கரும்பலகை மாட்டிக் கணக்குப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவேன். நீல டிக் விழுந்துவிட்டால் வருகைப் பதிவேட்டில் மனசுக்குள் ஒரு 'ஆஜர்' போட்டுக்கொள்வேன்.

அந்த எட்டுப் பேரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஆகஸ்டில் கட்டுப்பாடு தளர்ந்ததும் புதன், சனி இரண்டு நாளும் டிவிஎஸ் வண்டியில் கிளம்பிவிடுவேன். ஒரு புங்க மரத்தடியில் மூன்று பேர், ஒரு கோயில் திண்ணையில் இரண்டு பேர், மீதிப் பேர் அவரவர் கொட்டகையில். ஆடு ஒரு பக்கம் மேயும், கணக்கு ஒரு பக்கம் நடக்கும்.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது. முதல் வாரமே காரணிப்படுத்தலில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். எட்டுப் பேரில் ஆறு பேர் சரியாகப் போட்டுவிட்டார்கள். குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தடுமாறினார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கணக்கில் மைனஸ் போட வேண்டிய இடத்தில் நான் பிளஸ் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறேன். அத்தனை நோட்டிலும் அதே பிளஸ்! வகுப்பறையாக இருந்தால் அரை நிமிடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து "சார், மைனஸ்!" என்று ஒரு குரல் வந்திருக்கும். ஐந்து மாதமாக ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்க வைக்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. திறந்த அன்று ஒரு பையன் வரவில்லை. குழுவில் இருந்தவன், தினமும் நீல டிக் விழுந்த எண். சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அந்த எண் அவனுடைய மாமா எண். மாமா வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வருவார், குழுவைத் திறந்து பார்ப்பார், மூடிவிடுவார். பையன் செப்டம்பரிலேயே திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவன் அம்மா, "நீங்க வந்து கேப்பீங்கன்னு பாத்தோம் சார். அந்தக் கொட்டாய்க்கெல்லாம் போனீங்களாமே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வீடு நான் புதன்கிழமை போகும் வழியில்தான் இருந்தது.

2021 பிப்ரவரி 25 அன்று சட்டமன்றத்தில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஒன்று, ஓய்வு வயது 60. இன்னொன்று, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்குத் தேர்வு இல்லை, அனைவரும் தேர்ச்சி. என் 41 பேரும் தேர்ச்சி பெற்றார்கள், திருப்பூருக்குப் போனவன் உட்பட. சான்றிதழை அவன் அம்மா வந்து வாங்கிப்போனார். நான் பல தடவை பேசிப் பார்த்தேன், அவன் திரும்பி வரவில்லை. இப்போதும் போன் செய்தால் எடுப்பான். "நல்லா இருக்கேன் சார், நீங்க எப்படி இருக்கீங்க" என்பான். நான் வேறு ஏதாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

அந்த வருடம் அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய். என் தம்பி மகள் அதில் சேர்ந்து வீட்டுத் திண்ணையில் பாடம் நடத்தினாள். அவள் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையையும் சொல்லச் சொல்லுவாள். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தலைமை ஆசிரியரும் அவருடைய மூன்று கேள்விகளும்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அவள் அந்த வீட்டு வாசலில் நிற்பாள்.

2024இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன் வகுப்பறைகள் என்று அரசு வேலையைத் தொடங்கியது. நல்ல காரியம். திரையில் பூமி சுற்றுவதைக் காட்டுவது போல நான் சுண்ணாம்புக் கட்டியால் காட்ட முடியாது. சாதனம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆகவே, மகளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்தப் போர்டு பாடம் நடத்தட்டும். யார் வரவில்லை, வந்தவர்களில் யாருக்குப் புரியவில்லை என்று பார்ப்பது உன் வேலை. நான் அந்த வேலையை எட்டுப் பேருக்குச் செய்தேன், முப்பத்து மூன்று பேருக்குச் செய்யாமல் விட்டேன். போன் இருக்கிறவனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்ததுதான் என் தவறு. உனக்கு அது வேண்டாம்.

2020-21 பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். குழுவில் பெயர் இருந்தும் பாடம் போய்ச் சேராமல் போனவர்கள் வேறு யாராவது உங்களுக்குத் தெரிந்து இருக்கிறார்களா? பெயரை இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். தனித்தேர்வு, ஐடிஐ, திறந்தவெளிப் பள்ளி என்று எத்தனையோ வழி இருக்கிறது. வண்டி இன்னும் ஓடுகிறது. புதன், சனி இரண்டு நாளும் எனக்கு ஓய்வுதான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்