மாசி பெர்குசன் டிராக்டரும் பழுதுநீக்கக் கையேடுகளும்

மாசி பெர்குசன் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள டிராக்டர் வகையாகும். 1960 இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் சென்னை செம்பியத்தில் இதனைத் தயாரித்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த 1962 ஆகஸ்ட் 16 அன்று, அந்நிறுவனத்துக்கு வயது இரண்டுதான். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து நெல் வயல்களில் சேறடிக்க, பின் டயர்களுடன் இரும்புக் கேஜ் வீல் மாட்டி டிராக்டரை இறக்குவது வழக்கம்.

பெயரின் பாதி அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசனுடையது. கலப்பையை மூன்று இடங்களில் பிணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கும் முறையை உருவாக்கியவர் அவர். இன்று பட்டறைகளில் 'லிப்ட்' எனப்படுவது இதுவே. அவருடைய நிறுவனம் 1953 இல் கனடாவின் மாசி-ஹாரிசுடன் இணைந்தது. 1958 இல் பெயர் மாசி பெர்குசன் எனச் சுருங்கியது. 1994 இல் அமெரிக்காவின் அக்கோ இதனை வாங்கியது. இந்தியாவில் இப்பெயர் யாருக்கு உரியது என்ற வழக்கு, 2025 இல் டாஃபேக்குச் சாதகமான உடன்பாட்டில் முடிந்தது.

பெயரின் உடைமை மாறினாலும் இயந்திரம் அவ்வளவாக மாறவில்லை. டாஃபேயின் 1035, பழைய எம்.எஃப். 35 இன் வழிவந்தது. எம்.எஃப். 35 இல் பொருத்தப்பட்ட பெர்க்கின்சு 3.152 எஞ்சினின் பெயரிலேயே மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம் என்ற அளவுகள் அடங்கியுள்ளன. அடிப்படை அமைப்பு நீடித்ததால், ஒருமுறை கற்ற பட்டறை வேலை ஒரு மெக்கானிக்கின் ஆயுளுக்கும் உதவியது.

கையேடுகள் மூவகை. ஓட்டுபவருக்கான சிறு நூல் எண்ணெய் மாற்றுதல், வடிகட்டியைச் சுத்தம் செய்தல் போன்றவற்றைக் கூறும். பணிமனைக் கையேடு வால்வு இடைவெளி, போல்ட் முறுக்கு அளவு, எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வரிசை ஆகியவற்றைத் தரும். இதன் ஆங்கிலம் பலருக்கு எட்டாதது. மூன்றாவதான உதிரிபாகப் பட்டியலே உண்மையில் அதிகம் உதவக்கூடியது. கியர் பெட்டியின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியே பிரித்து வரையப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கும். ஆங்கிலம் தெரியாதவரும் படத்தில் விரல் வைத்து எண்ணைச் சொல்லிக் கடையில் பாகம் வாங்கலாம். கழற்றும் வரிசையோ மூத்த மெக்கானிக்கிடமிருந்து இளையவருக்கு வாய்மொழியாகவே சென்றது. அறுவடை நேரத்தில் வண்டி நின்றுவிட்டால், கம்பெனி ஆள் வரும்வரை நெல் காத்திராது.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. இவ்வகை எஞ்சின்களில் டீசல் செலுத்துவதை மின்னணுக் கருவி கட்டுப்படுத்துவதால், கோளாற்றை அறிய நிறுவனத்தின் சோதனைக் கருவியும் மென்பொருளும் தேவைப்படுகின்றன. அதற்குக் குறைந்த திறனுள்ள வண்டிகளை ஸ்பேனரும் பழைய பட்டியலும் கொண்டு இன்றும் சரிசெய்ய முடிகிறது.