கசிவின் கதை: பழைய காரின் குளிர்சாதனமும் திருவனந்தபுரத்து வானமும்

பழைய கார் ஒன்றின் குளிர்சாதனத்தை அதன் அசல் நிலையிலேயே பேண விரும்புவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும். அசல் என்பது எது? கம்ப்ரசரும் குழாய்களுமா, அவற்றுள் சுழன்ற வாயுவா? 1980-களின் பிற்பகுதியில் விற்பனையான மாருதி 800 போன்ற கார்களின் குளிர்சாதனம் ஆர்-12 என்னும் குளோரோஃபுளோரோகார்பன் வாயுவுக்கென வடிவமைக்கப்பட்டது. அந்த உலோகம் இன்னும் திருவனந்தபுரத்துச் சாலைகளில் ஓடக்கூடும். ஆனால் அந்த வாயுவை உற்பத்தி செய்யும் ஆலை இந்தியாவில் இன்று இல்லை. அது இல்லாமற்போனதற்கான காரணம் ஒரே சொல்லில் அடங்கும்: கசிவு.

அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களே தொடக்கக்காலக் குளிர்பதனப் பெட்டிகளில் இருந்தன. அவற்றுக்கு மாற்றாக, 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் ஆர்-12ஐ முன்வைத்தனர். அது எரியாது, நஞ்சன்று, உலோகத்தை அரிக்காது. 1940-ஆம் ஆண்டு மாதிரியான பேக்கார்டு கார்களில் ஆலையிலேயே பொருத்தப்பட்ட குளிர்சாதனம் விற்பனைக்கு வந்தது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் முழுவதும் மூடப்பட்ட கலத்துக்குள் இயங்குகிறது. காரின் கம்ப்ரசரையோ எஞ்சினின் பெல்ட் சுழற்றுகிறது. ஆகவே அதன் தண்டு வெளியே நீண்டிருக்க வேண்டும். அங்கே ஒரு சீல் வேண்டும். எஞ்சின் அதிர்வதால் இணைப்புக் குழாய்கள் ரப்பராக இருக்க வேண்டும். இவை இரண்டின் வழியாகவும் வாயு சிறிது சிறிதாக வெளியேறும். ஆண்டுக்கொரு முறையோ இரு ஆண்டுக்கொரு முறையோ 'கேஸ் நிரப்புவது' என்ற வழக்கம் இப்படித்தான் பிறந்தது.

அந்தக் கசிவை ஆராய்வதே ஒரு தமிழ்நாட்டு இளைஞரின் முதல் வேலையாக இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற வீ. ராமநாதன், 1960-களில் செகந்தராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். குளிர்பதன வாயு ஏன் இவ்வளவு விரைவாகக் கசிகிறது என்று கண்டறிவது அவருக்கு இடப்பட்ட பணி. பின்னர் அமெரிக்கா சென்று வளிமண்டல அறிவியலாளரான அவர், 1975-இல் வெளியிட்ட கட்டுரையில், குளோரோஃபுளோரோகார்பன்கள் புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியவை என்று காட்டினார். அதற்கு ஓராண்டு முன்னர், 1974-இல், மொலினாவும் ரோலண்டும் இதே வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எச்சரித்திருந்தனர். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பது அறிவிக்கப்பட்டது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1992-இல் இணைந்தது. இந்தியக் கார்களில் குளிர்சாதனம் பரவத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. நாட்டில் இவ்வாயுக்களை உற்பத்தி செய்த நான்கு நிறுவனங்களுள் ஒன்று மேட்டூரின் கெம்பிளாஸ்ட் சன்மார். 2000-ஆம் ஆண்டின் ஓசோன் விதிகள் வந்தன. 2003 தொடக்கத்திலிருந்து புதிய குளிர்சாதனங்களில் இவ்வாயுக்களைப் பயன்படுத்துவது நின்றது. 2010 வரை அவகாசம் இருந்தும், 2008 ஆகஸ்டிலேயே இந்தியா உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

இவ்வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கு இருவகைப் பங்கு உண்டு. இந்திய வானிலைத் துறை தில்லி, புனே ஆகிய நகரங்களுடன் இங்கிருந்தும் பலூன்களில் கருவிகளை அனுப்பி, வெவ்வேறு உயரங்களில் ஓசோனை அளந்துவந்தது. கீழே, அதே நகரின் பணிமனைகளில், பழுதுபார்ப்பின்போது குழாயைத் திறந்து பழைய வாயுவைக் காற்றில் விடுவது இயல்பான செயலாக இருந்தது. ஆர்-12 காற்றில் நூறாண்டு அளவில் நிலைத்திருப்பது. 1990-இல் இந்நகரில் ஒரு காரிலிருந்து வெளியேறிய வாயுவின் பெரும்பகுதி இன்றும் வானில்தான் இருக்கிறது.

இன்று அத்தகைய காரின் குளிர்சாதனத்தைக் காப்பது என்றால் அதனை ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றுவதே பெரும்பாலும் வழி. வாயுவை மட்டும் மாற்றினால் போதாது. பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவுடன் கலவாது. கம்ப்ரசருக்கு எண்ணெய் கிட்டாமல் தேய்ந்துபோகும். ஆகவே எண்ணெய், ஓ-ரிங்குகள், டிரையர் அனைத்தையும் மாற்ற வேண்டும். புதிய வாயுவின் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர்க் குழாயில் எளிதில் ஊடுருவும். ஆர்-12 நிரப்பிய அளவில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடே இதனை நிரப்ப வேண்டும். கடலோர நகரின் உப்புக்காற்று முன்புறக் கண்டென்சரை அரிக்கிறது. ஈரக்காற்று உள்ளே புகுந்தால் அமிலம் உண்டாகிறது. எனவே நிரப்புமுன் வேக்கம் பம்பால் ஈரத்தை முற்றிலும் அகற்ற வேண்டும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் இயக்கினால்தான் தண்டின் சீல் எண்ணெய்ப் பசையோடு இருக்கும்.

மாற்று வாயுவும் குற்றமற்றதன்று. ஆர்-134ஏ ஓசோனைத் தாக்குவதில்லை; ஆயினும் புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு வலியது. 2016-இன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2032 முதல் இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதே 2021-இல் வெளியான மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்து அசல் வடிவில் பேணப்படும் வண்டிகளைத் தொன்மை வண்டிகளாக ஏற்கிறது. 1986-இல் பதிவான ஒரு கார் 2036-இல் அத்தகுதியை அடையும். அப்போது அதன் கம்ப்ரசர் அசலாக இருக்கலாம்; உள்ளிருக்கும் வாயு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கும். எந்த வாயுவானாலும், நிரப்புவதற்கு முன் ஓட்டையைத் தேடி அடைப்பதும், பழைய வாயுவைக் காற்றில் விடாமல் கருவியால் உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்ப்பதுமே பராமரிப்பின் முதல் வேலை. செகந்தராபாத்தில் அந்த இளைஞரிடம் கேட்கப்பட்ட வினா இன்றும் ஒவ்வொரு பணிமனையிலும் கேட்கப்பட வேண்டியதே.