மலை கொடுத்ததும் மலைக்குக் கிடைத்ததும்

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் செல்கின்றது. இருபுறமும் தேயிலை, கீழே கெஹெல்கமு ஓயா. இலங்கையின் பொருளாதார வரலாற்றை அறிய விரும்புவோர் கொழும்பு நகரத்து வங்கிகளைப் பார்ப்பதினும் இம்மலைச் சந்தியில் நின்று சிந்திப்பது பயன்தரும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அச்சிறு நாட்டின் செல்வத்திற்கு ஊற்றாயிருந்தவை இத்தகைய மலைகளே. அச்செல்வம் எவ்வாறு பிறந்தது, எங்கே சென்றது, மலைக்கு மீண்டது எவ்வளவு என்னும் மூன்று வினாக்களை நாம் இங்கு எழுப்புவோம்.

முதலில் நிலம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் தரிசுகளையும் ஆங்கில அரசின் உடைமையாக்கிற்று. கண்டிச் சிங்களக் குடியானவர்கள் மேய்ச்சலுக்கும் சேனைப் பயிருக்கும் நம்பியிருந்த நிலம் இவ்வாறு கைமாறிக் கோப்பித் துரைமாருக்கு மலிவாக விற்கப்பட்டது. ஆகவே, குடியானவனின் நிலத்தைத் தமிழ்த் தொழிலாளி கவர்ந்தான் என்று பின்னாளில் பரப்பப்பட்ட கதைக்கு வரலாற்றில் இடமில்லை. கவர்ந்தது சட்டம்; வாங்கியது மூலதனம்.

அடுத்து உழைப்பு. கோப்பி பருவப் பயிர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த தமிழகத்து ஏழைகளுள், வழியில் மாண்டவர் போக எஞ்சியோரில் பலர், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையின் இயல்பு வேறு. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கொருமுறை எடுக்காவிடில் முற்றிவிடும். எனவே, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் மலையிலேயே தங்க வேண்டியதாயிற்று. அவர்களை அந்நாட்டின் நிலைகுடிகளாக்கியது தேயிலையே என்பதை நாம் மறத்தலாகாது.

கங்காணி தந்த முன்பணம் அவர்களைக் கட்டிய சங்கிலி. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கடனாக ஏறின. அக்கடனைக் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். கூலியில் ஏறிய ஒவ்வொரு சதத்திற்கும் பின்னே இத்தகைய வரலாறு உண்டு.

இனி, செல்வம் சென்ற வழி. 1884இல் அட்டனை எட்டிய இருப்புப்பாதை, தோட்ட விளைபொருளைத் துறைமுகம் சேர்ப்பதையே முதற் கருத்தாகக் கொண்டது. விலை கொழும்பு, இலண்டன் ஏலங்களில் முடிவாயிற்று; இலாபம் கம்பெனிப் பங்குதாரர்களைச் சேர்ந்தது. சுதந்திரத்தின் பின்னரும் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் தலையாயது தேயிலையே. 1965இல் இலங்கை உலகின் முதலாவது தேயிலை ஏற்றுமதி நாடாயிற்று. அவ்வருவாயே அரிசிக்கும் மாவுக்கும் மருந்துக்கும் விலை கொடுத்தது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியைத் தாங்கிய அரசிறையிலும் தேயிலைத் தீர்வைக்குப் பங்குண்டு. ஆயினும், தோட்டப் பள்ளிகள் அக்கல்வி முறைக்கு வெளியே நின்றன. 1970களிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாக ஏற்றது. நாட்டின் பிள்ளைகள் படிக்கக் கொழுந்தெடுத்த தாயின் பிள்ளை, பிள்ளைக் காம்பராவிலிருந்து நேரே மலைக்கு வேலைக்குச் சென்றது!

தேயிலையோடு நீரும் இறங்கிற்று. நோர்வூட்டைக் கடந்தோடும் கெஹெல்கமு ஓயாவைத் தேக்கிய காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் நிறைவேறிற்று. அந்நீர் பிறப்பித்த மின்னொளி தொலைநகரங்களை முதலில் அடைந்தது. அருகிலிருந்த லயங்களை எட்டப் பல்லாண்டுகள் சென்றன.

மலைக்கு மீண்டது யாது? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கென்றும் 300,000 பேர் இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். அம்மக்களின் விருப்பத்தைக் கேட்டவர் எவருமிலர். நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 வரையில் காத்திருந்தது.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், லயம் மாறவில்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. நாட்கூலி 1,000 ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் வர்த்தமானியில் ஏறிற்று. மறு ஆண்டின் விலையேற்றம் அதன் பெறுமதியை விழுங்கிற்று.

இங்கே ஓர் உண்மையைக் கருதுவோம். இன்று இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விளைவிப்போர், பெரும்பாலும் தென்புறத் தாழ்நிலத்திலுள்ள சிறு நில உடைமையாளர்கள். நிலம் உழுபவன் கையிலிருப்பின் செடி செழிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆனால், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்த மலையக மக்களுக்குப் புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் நிலம் கொடுப்பதே பெரிய சலுகையாகப் பேசப்பட்டது. கூலி உயர்வு இன்றியமையாதது. எனினும், அது பழைய கணக்கின் ஒரு வரி மட்டுமே. நிலத்தில் உரிமை என்னும் வரி இன்னும் எழுதப்படாமலே கிடக்கின்றது. அதனை எழுதும் கடமை தொழிலாளியோடு, அவன் உழைப்பின் பயனால் கல்வி பெற்ற நம் ஒவ்வொருவரையும் சார்ந்ததாகும்.