கெலுஸ்கர் கொடுத்த புத்தகம்

போன ஏப்ரல் 14 அன்று திருமுருகன்பூண்டியில் அண்ணலுக்கு மாலை போட்டுவிட்டு டீக்கடையில் நின்றிருந்தோம். பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஏனுங்ணா, இந்து மதத்து மேல இருந்த கோவத்துலதான அம்பேத்கர் பௌத்தத்துக்குப் போனாரு?" இதையே ஏளனமாகக் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறோம். அரசியலுக்காகக் கடைசி நேரத்தில் எடுத்த முடிவு என்பார்கள். தம்பியிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறோம்.

1904-இல் சுபேதார் ராம்ஜியின் குடும்பம் பம்பாய்க்கு வந்து பரேலில் ஒரே அறையில் குடியேறியது. பரேல் அன்று பஞ்சாலைத் தொழிலாளர்களின் பகுதி. நம் ஊர் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அறையை விளக்க வேண்டியதில்லை. பையன் பள்ளி விட்டதும் சர்னி ரோடு தோட்டத்துக்குப் போய்ப் படிப்பான். அங்கே வருகிற இன்னொருவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர். பள்ளி ஆசிரியர், மராத்தி எழுத்தாளர். அவர் கண்ணில் பையன் பட்டான்.

பையன் தேர்வில் தேறியதும் சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினார்கள். (1907 மெட்ரிகுலேஷன் என்கின்றன வரலாற்று நூல்கள், அண்ணலோ ஆங்கில நான்காம் வகுப்பு என்றே எழுதுகிறார்.) தலைக்கனம் ஏறிவிடும் என்று அப்பா மறுத்துவிட்டார். கெலுஸ்கர் பேசிய பிறகே சம்மதித்தார். அவர் தலைமையிலேயே கூட்டம் நடந்தது. பேசி முடித்தவர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பையனிடம் பரிசாகக் கொடுத்தார்.

அப்பா அன்று மசியாதிருந்தால்? கூட்டமும் இல்லை, புத்தகமும் இல்லை. அவ்வளவு தற்செயல்தான். ஆனால் படித்தவன் வெறும் மனத்தோடு படிக்கவில்லை. தீண்டத்தகாதவன் என்பதால் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டு பாரசீகம் படித்தவன் அவன். வீட்டிலோ ராமாயணமும் மகாபாரதமும் நாள்தோறும் வாசித்தாக வேண்டும். புத்தரைப் படித்துவிட்டு அப்பாவிடமே கேட்டான்: பிராமணர், சத்திரியர் பெருமையையும் சூத்திரரின் இழிவையும் பேசும் இந்த நூல்களை ஏன் எங்களைப் படிக்கச் சொல்கிறீர்கள்? தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் பார், தாழ்வு மனப்பான்மை போகும் என்றார் ராம்ஜி. மகனுக்கு அது போதவில்லை. பீஷ்மர், துரோணர், கிருஷ்ணன், ராமன் என ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டான். அப்பா பேசாமல் இருந்துவிட்டார்.

அதே கெலுஸ்கர்தான் பின்னர் பரோடா மன்னரிடம் அழைத்துப் போய் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தார்.

இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935-இல் இயோலாவில் சொன்னார். மறுநாளே மதம் மாறிவிடவில்லை. 21 ஆண்டுகள் படித்தார், ஒப்பிட்டார். நம் சென்னையில் லட்சுமி நரசு 1907-இல் எழுதிய பௌத்த நூலை 1948-இல் தன் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை. வெறும் கோபம் இத்தனை காலம் நூலகத்தில் உட்கார்ந்திருக்குமா?

இந்தக் கதையைத் தன் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கான முன்னுரையில் அவரே 1956-இல் எழுதினார். அவர் மறைந்த பின் 1957-இல் நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. கோபத்தில் போனார் என்கிற பேச்சு இன்றும் ஓடுவதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

தம்பிக்கு நைட் ஷிப்ட். கிளம்பும்போது அந்தப் புத்தகம் தமிழில் உண்டா என்றார். பெரியார்தாசன் மொழிபெயர்ப்பு எங்களிடம் இரண்டு பிரதி இருந்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது.